சுண்ணாம்புக் கம்பத்து ரசாயனம்
வாசகர் கேள்வி - பதில்

கே: உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், “அப்பா, ‘காம்பவுண்டு’ன்னா தமிழ்ல என்ன?” என்று கேட்டாள். ‘சுற்றுச்சுவர்’ என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். தப்பாகச் சொல்லிவிட்டேனா?
— ஓர் அப்பா, பொங்கோல்

ப: வீட்டுக்குச் சரி, வேதியியலுக்குத் தப்பு. ‘சேர்மம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ தனிமங்கள், குறிப்பிட்ட விகிதத்தில், பிணைப்பு போட்டுச் சேர்ந்தால் சேர்மம். ஆனால் உங்கள் பதிலை முழுக்கத் தள்ளவும் மனம் வரவில்லை. சேர்மத்துக்குள் போன தனிமம் எகிறிக் குதித்து வெளியே வந்துவிட முடியாது. வெப்பமோ மின்சாரமோ வேறொரு வேதிவினையோ வந்து சுவரை உடைக்க வேண்டும். மகளிடம் இப்படிச் சொல்லிச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

கே: நான் போடுகிற கோப்பி கலவையா, சேர்மமா?
— காப்பிக்கடைக்காரர், தோ பாயோ

ப: கலவைதான் அண்ணே. காலையில் நீங்கள் போடும் கோப்பியும் மாலையில் உங்கள் மச்சான் போடும் கோப்பியும் ஒன்றாகவா இருக்கின்றன? பால் கூடும், சீனி குறையும், கல்லாவில் சண்டை நடந்த அன்று கறுப்பு கூடும். எப்படி இருந்தாலும் கோப்பிதான். சேர்மத்தில் அந்தச் சலுகை கிடையாது. 9 கிராம் தண்ணீரைப் பிரித்தால் 1 கிராம் ஹைட்ரஜன், 8 கிராம் ஆக்சிஜன். காவிரித் தண்ணீரானாலும் ஜொகூர்த் தண்ணீரானாலும் நியூவாட்டரானாலும் அதே கணக்கு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் புரூஸ்ட் இந்த நிலையான விகித விதியைச் சொன்னபோது, அவர் நாட்டுக்காரரான பெர்தோலே ஒப்புக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். கடைசியில் புரூஸ்ட் பக்கமே தீர்ப்பானது.

கே: சிராங்கூன் சாலையில் 916 தங்கச் சங்கிலி வாங்கினேன். அதற்கு வேதி வாய்பாடு உண்டா?
— இல்லத்தரசி, தெம்பனிஸ்

ப: ரசீதுதான் உண்டு. 916 என்றால் 22 காரட். 22-ஐ 24-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.916. ஆயிரம் பங்கில் 916 தங்கம், மீதியில் செம்பு, வெள்ளி போன்றவை. 18 காரட் என்றால் 750. தட்டார் விகிதத்தை மாற்றிக்கொண்டே போகலாம் என்பதால் இது கலப்புலோகம். வாய்பாடு எழுத முடியாது. தங்கம் அவ்வளவு சுலபத்தில் யாரோடும் சேர்மமாகச் சேராது. காற்றில் கறுக்காமல் இருப்பதும் நமக்கு அதன் மேல் இத்தனை மரியாதை இருப்பதும் அதனால்தான். சங்கிலி கொஞ்சம் மங்கினால் தங்கத்தைத் திட்டாதீர்கள், கூட வந்த செம்பையும் வெள்ளியையும் திட்டுங்கள்.

கே: தேக்கா வட்டாரத்துக்குப் பழைய ஆட்கள் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று பெயர் சொல்வார்களாமே? சுண்ணாம்பு எங்கே இருந்தது?
— வாடகை வண்டி ஓட்டுநர், அங் மோ கியோ

ப: தினமும் அதன் மேல்தான் வண்டி ஓட்டுகிறீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலையே ‘சுண்ணாம்புக் கம்பம் கோயில்’ என்றுதான் அந்தக் காலத்தில் சொன்னார்கள். கம்பம் என்பது மலாய்க் ‘கம்போங்’.

காளவாய்க்குள் என்ன நடந்தது என்பது எங்கள் பாடத்தின் முதல் அத்தியாயம். கிளிஞ்சலும் பவளமும் கால்சியம் கார்பனேட்: ஒரு கால்சியம், ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன். ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பிப் போய்விடும், கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். 100 கிராம் போட்டால் 56 கிராம்தான் திரும்பக் கிடைக்கும். இதைத் தெரிந்துகொள்ளத் தராசு வேண்டாம், வாய்பாடு போதும். கால்சியத்தின் அணுநிறை 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16. நாற்பதும் பன்னிரண்டும் மூன்று பதினாறும் சேர்ந்தால் 100. போன கார்பன் டை ஆக்சைடு 12-ம் இரண்டு பதினாறும், அதாவது 44. வேலைக்காரர்கள் திருடிவிட்டார்கள் என்று எந்தக் காளவாய் முதலாளியாவது சந்தேகப்பட்டிருந்தால், இந்தக் கூட்டல் கணக்கு அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதிக்கும். அதைத்தான் ‘நீற்றுவது’ என்கிறோம். 56 கிராமோடு 18 கிராம் தண்ணீர் சேர்ந்து 74 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு. பாட்டி வெற்றிலையில் தடவுவது இதுதான். சுவரில் பூசினால் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, தண்ணீரை விட்டுவிட்டு, இறுகும். 74-ல் 44-ஐக் கூட்டி 18-ஐக் கழியுங்கள், மறுபடியும் 100. கிளிஞ்சலாகக் கடலில் கிடந்தது, காளவாயில் போனதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு சுவராக நிற்கிறது.

இதை ஏட்டில் படிக்காமலே செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1856-ல் அடிக்கல் நாட்டி 1862-ல் அர்ப்பணித்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் அவர்களே. சுவருக்கு ‘மெட்ராஸ் சுண்ணம்’ பூசினார்கள்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ‘கெமிஸ்ட்ரி நம்ம பிள்ளைகளுக்கு வராது’ என்று பேசும் பெற்றோரை ஒருமுறை சிட்டி ஹால் நிறுத்தத்தில் இறக்கிவிடுங்கள். கட்டணம் வாங்க வேண்டாம்.

கே: மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் ஆரத்தி சிவக்கிறதே, புதிய சேர்மமா?
— சுமங்கலி, ஜூரோங்

ப: மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைக் கண்டால் நிறம் மாறும் குணமுள்ளது. சுண்ணாம்பு காரம். எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும், ஆய்வுக்கூடத்தில் லிட்மஸ் தாள் செய்கிற அதே வேலை. திருஷ்டி கழிப்பதற்கு முன்னால் சோதனை செய்துவிடுங்கள், பிறகு செய்தால் அத்தை கோபித்துக்கொள்வார்.

கே: எலக்ட்ரானைக் கொடுத்தால் அயனிப் பிணைப்பு, பகிர்ந்தால் சகப்பிணைப்பு. மனப்பாடம் ஆகிவிட்டது. ஏன் கொடுக்கிறது, ஏன் பகிர்கிறது என்றுதான் புரியவில்லை.
— உயர்நிலை 3 மாணவி, செங்காங்

ப: தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா உணவங்காடிக்கு வா. ஒரு மேசைக்கு எட்டு இருக்கை என்று வைத்துக்கொள். (அங்கே போய் எண்ணிப் பார்க்காதே, உதாரணம்தான்.) மேசை என்பது அணுவின் வெளிக்கூடு, இருக்கையில் இருப்பவர்கள் எலக்ட்ரான்கள்.

குளோரின் மேசையில் ஏழு பேர், ஓர் இருக்கை காலி. சோடியம் மேசையில் ஒரே ஒரு ஆள், பிரியாணித் தட்டோடு தனியாக. அந்த ஒருவர் எழுந்து குளோரின் மேசைக்குப் போய்விட்டால் அங்கே எட்டு நிறைந்துவிடும். சோடியத்துக்கோ அந்த மேசையே போய், உள்ளே ஏற்கெனவே எட்டு நிறைந்திருக்கும் மேசை வெளிமேசையாகிவிடும். எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர்மின் அயனி, வாங்கிய குளோரின் எதிர்மின் அயனி. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். இங்கே ஒரு நிமிடம் நில். கொடுத்து வாங்கியது பிணைப்பு அல்ல. கொடுத்து வாங்கிய பிறகு வருகிற இழுப்புதான் பிணைப்பு. தேர்வில் பலர் மதிப்பெண்ணைத் தொலைக்கும் இடம் இது.

இனி இரண்டு குளோரின் பக்கத்துப் பக்கத்து மேசை. இரண்டிலும் ஏழேழு பேர். யாரும் யாருக்கும் ஆளை விட்டுத் தர மாட்டார்கள். என்ன செய்வது? மேசைகளை ஒட்டிப் போட்டு, இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவரை நடுவில் உட்கார வைத்து, நடுவில் இருக்கும் இருவரையும் இரண்டு மேசையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. நடு இருக்கைகளில் இரு வீட்டாரின் டிஷ்யூ பாக்கெட்டும் இருக்கிறது, அதனால் பிரிந்து போக முடியாது. இது சகப்பிணைப்பு. ஆக்சிஜன் மேசையில் ஆறு பேர், அதனால் இரண்டு ஹைட்ரஜனோடு பகிர்ந்து தண்ணீர் ஆகிறது. ஹைட்ரஜனுக்கு மட்டும் இரண்டே இருக்கை உள்ள குட்டி மேசை.

இந்த உதாரணத்தை ரொம்ப நம்பிவிடாதே. அணுவுக்குப் பசியும் கிடையாது, ஆசையும் கிடையாது. சோடியத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஆற்றல் செலவாகிறது. குளோரின் அதை வாங்கும்போது வெளிவரும் ஆற்றல் அந்தச் செலவுக்குப் போதாது. அயனிகள் எல்லாம் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது கொட்டும் ஆற்றல்தான் கடனை அடைத்து மிச்சமும் வைக்கிறது. ‘சோடியம் தாராள மனசுக்காரர்’ என்று புத்தகம் எழுதியவர் தவணைக் கணக்கைப் பார்க்கவில்லை.

கே: ஓர் உப்பு மூலக்கூறு எவ்வளவு பெரியது?
— அதே மாணவியின் தம்பி

ப: அப்படி ஒன்று இல்லவே இல்லை, தம்பி. உப்புக் கல்லுக்குள் ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். எந்த சோடியம் எந்தக் குளோரைடின் ஜோடி என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் உப்பின் வாய்பாடு ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற விகிதத்தை மட்டும் சொல்கிறது, தலையை எண்ணவில்லை. சீனி வேறு ரகம். 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன், மொத்தம் 45 அணுக்கள் கைகோத்த தனித்தனி மூலக்கூறு. தேநீரில் கரைந்தாலும் 45-ம் பிரியாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், சீனித் தண்ணீர் கடத்தாது. சீனியை அடுப்பில் வைத்தால் சீக்கிரம் உருகிக் கருகும். உப்பு உருக 801 டிகிரி வேண்டும், உன் அம்மாவின் வாணலியால் முடியாது.

இன்னொன்று. சோடியம் தண்ணீர் பட்டால் வெடிக்கும். குளோரின் 1915 ஏப்ரலில் ஈப்ரு போர்க்களத்தில் விஷவாயுவாகத் திறந்துவிடப்பட்டது. இரண்டும் சேர்ந்ததைத்தான் சாம்பாரில் ‘கொஞ்சம் பத்தலை’ என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். சேர்மம் என்பது பெற்றோரின் குணத்தைக் கொண்டு வராத பிள்ளை.

கே: வேதியியலுக்குத் துணைப்பாட வகுப்பு அவசியமா?
— ஓர் அம்மா, ஈசூன்

ப: நிலையான விகித விதி சேர்மங்களுக்கு மட்டும்தான், துணைப்பாடக் கட்டணத்துக்குப் பொருந்தாது. முதலில் பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள், அது இலவசம்.

கே: பெயரிடும் விதிகளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. டை, ட்ரை, ஐடு, ஏட்டு… தேசிய சேவையே பரவாயில்லை.
— மீண்டும் படிக்கத் தொடங்கிய இளைஞர், உட்லண்ட்ஸ்

ப: காப்பிக்கடையில் ‘கோப்பி-சி கொசோங் பெங்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறீர்களே, அதற்கு யார் துணைப்பாடம் எடுத்தார்கள்? வெறும் ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பாலும் சீனியும் உண்டு. ‘ஓ’ சேர்த்தால் பால் இல்லை. ‘சி’ என்றால் ஆவியாக்கிய பால். ‘கொசோங்’ சீனி இல்லை, ‘சியூ தாய்’ சீனி குறைவு, ‘பெங்’ ஐஸ். மலாய், ஹொக்கியன், கான்டோனிஸ் எல்லாம் ஒரே வரியில். கேட்டவர் கடைக்குப் புதியவராக இருந்தாலும் கோப்பி மாறாது.

வேதிப் பெயரும் அப்படிக் கட்டியதுதான். உலோகம் முன்னால், அலோகம் பின்னால் ‘ஐடு’ என்ற வாலோடு: சோடியம் குளோரைடு. இரண்டுமே அலோகம் என்றால் எண்ணையும் சொல்ல வேண்டும்: கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு. ஒன்று மூச்சை நிறுத்தும், மற்றது கோக் பாட்டிலில் குமிழியிடும். எண்ணை விழுங்கினால் ஆபத்து என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. இந்த ஒழுங்கு 1787-ல் லவாய்சியரும் அவருடைய மூன்று நண்பர்களும் பாரிஸில் போட்டது. அதற்கு முன்னால் ‘அந்திமனி வெண்ணெய்’, ‘துத்தநாகப் பூ’, ‘விட்ரியால் எண்ணெய்’ என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். வெண்ணெயைத் தடவிச் சாப்பிட முடியாது, பூவைத் தலையில் சூட முடியாது, எண்ணெயைத் தலையில் தேய்த்தால் தலையே இருக்காது. அது கந்தக அமிலம்.

கே: நான் தஞ்சாவூர், ‘கார்பன் டை ஆக்சைடு’ என்பேன். யாழ்ப்பாணத்து மாமியார் ‘காபனீரொட்சைட்டு’ என்கிறார். மகன் இரண்டையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு ஓடிவிடுகிறான். யார் சரி?
— மருமகள், பிடோக்

ப: மாமியாரை எதிர்த்துப் பதில் எழுதும் துணிச்சல் எனக்கில்லை. நல்லவேளை, இந்த முறை அதற்குத் தேவையும் இல்லை. அவர் சொல்வதைப் பிரித்துப் பாருங்கள்: காபன் + ஈர் + ஒட்சைட்டு. ஈருருளியில் வருகிற அதே ‘ஈர்’. ன் மேல் ஈ ஏறி ‘னீ’, ர் மேல் ஒ ஏறி ‘ரொ’. மெய்யின் மேல் உயிர் ஏறியதும் எது எங்கே முடிகிறது என்று காது பிரிக்க முடியாது. பெயரே பிணைப்பு போட்டுக்கொண்டுவிட்டது! மோனாக்சைடுக்குக் காபனோரொட்சைட்டு, அதில் இருப்பது ‘ஓர்’. கந்தகத்துக்கு இரண்டு ஆக்சிஜன் என்றால் கந்தகவீரொட்சைட்டு, மூன்று என்றால் கந்தகமூவொட்சைட்டு. நடுவில் வகர உடம்படுமெய் வேறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. புணர்ச்சி விதி தெரிந்த பிள்ளைக்கு எண்கள் இலவசம். உங்கள் பெயரில் அந்த எண் கிரேக்கத்தில் இருக்கிறது. உங்கள் வழிக்கும் ஒரு லாபம் உண்டு: பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும் மகனுக்குப் பழகிய ஒலி.

உங்கள் வீட்டில் இரண்டு கலைச்சொல் அகராதிகள் ஒரே சமையலறையில் இருக்கின்றன. உங்களுக்குத் தனிமம், அவருக்கு மூலகம். சேர்மம், சேர்வை. இணைதிறன், வலுவளவு. சகப்பிணைப்பை அவர் ‘பங்கீட்டு வலுப்பிணைப்பு’ என்பார். இந்த ஒன்றில் என் வாக்கு மாமியாருக்கு. ‘சக’ என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டும், ‘பங்கீடு’ தன்னைத்தானே விளக்கிக்கொள்கிறது.

தமிழில் இதற்கெல்லாம் வயது குறைவு என்று மகன் நினைத்தால், மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1875-லேயே ‘கெமிஸ்தம்’ என்று ஒரு வேதியியல் நூலைத் தமிழில் கொண்டுவந்துவிட்டார் என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். அடுக்குமாடி வீட்டில் திண்ணை இல்லை என்பது சரி, கீழ்த்தளத்தில் கல்மேசை இருக்கிறதே.

கே: பொட்டாசியத்துக்கு ‘பி’ போடாமல் ஏன் ‘கே’?
— உயர்நிலை 2 மாணவன், புக்கிட் பாஞ்சாங்

ப: ‘பி’யைப் பாஸ்பரஸ் முந்திக்கொண்டுவிட்டது. ‘கே’ காலியம் என்ற லத்தீன் பெயரிலிருந்து, சோடியத்தின் ‘என்ஏ’ நேட்ரியத்திலிருந்து, தங்கத்தின் ‘ஏயூ’ ஆரத்திலிருந்து. எழுத்துக் குறியீடுகளை 1813, 14 வாக்கில் கொண்டுவந்தவர் சுவீடன்காரர் பெர்சீலியஸ். அதற்கு முன் டால்டன் வட்டங்களுக்குள் புள்ளியும் கோடும் போட்டுக் காட்டினார். தண்ணீருக்கு ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்று அவர் எழுதியது இன்றைய தேர்வில் தப்பு. உனக்கு ஒரு எச்சரிக்கை: ‘சி’ பெரிய எழுத்து, ‘ஓ’ சின்ன எழுத்து என்றால் கோபால்ட் என்னும் உலோகம். இரண்டும் பெரிய எழுத்தென்றால் கார்பன் மோனாக்சைடு. சிறு வயதில் உப்பின் வாய்பாட்டை நான்கு பெரிய எழுத்தில் எழுதி நைட்ரஜன், கார்பனை எல்லாம் நினைவூட்டிக் குட்டு வாங்கியவன் சொல்கிறேன், கேள்.

கே: ஆப்பச் சோடா, சலவைச் சோடா, காஸ்டிக் சோடா, கோலி சோடா நான்கும் உறவா?
— சமையல்காரர், டன்லப் தெரு

ப: முதல் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், மூன்றிலும் சோடியம் உண்டு. ஆப்பச் சோடா சோடியம் பைகார்பனேட், சூடு பட்டால் கார்பன் டை ஆக்சைடு விட்டு மாவை உப்ப வைக்கும். அந்த வாயுவையும் தண்ணீரையும் விட்ட பிறகு மிஞ்சுவது சோடியம் கார்பனேட், அதுதான் சலவைச் சோடா. காஸ்டிக் சோடா சோடியம் ஹைட்ராக்சைடு. அடைத்த குழாயைத் திறக்கும், தொண்டையில் பட்டால் தொண்டையையே அரித்துவிடும். கோலி சோடாவில் பெரும்பாலும் சோடியமே இல்லை, தண்ணீரில் அழுத்திய வாயுதான். நாட்டுப்பெயர் நல்லதுதான், ஆனால் சமையலறை அலமாரியில் ‘சோடா’ என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள் அண்ணே.

கே: நைட்ரைடு, நைட்ரைட், நைட்ரேட். காதில் ஒன்றாகவே விழுகின்றன.
— உயர்நிலை 4 மாணவி, கிளமெண்டி

ப: தமிழ்நாட்டுப் போலீஸில் தலைமைக் காவலரை ‘ஏட்டையா’ என்பார்கள். சட்டைக் கையில் மூன்று பட்டை. நைட்ர‘ஏட்டு’க்கும் மூன்று ஆக்சிஜன். அவருக்கு ஒரு படி கீழே நைட்ரைட், இரண்டு ஆக்சிஜன். நைட்ரைடுக்குப் பட்டையே இல்லை, ஆக்சிஜன் பூஜ்யம். எல்லா ஏட்டையாவுக்கும் மூன்றுதான் என்று எழுதிவிடாதே, சல்பேட்டுக்கு நான்கு, சல்பைட்டுக்கு மூன்று. ஏட்டுக்கு அதிகம், ஐட்டுக்கு ஒன்று குறைவு, ஐடுக்கு இல்லை என்று வைத்துக்கொள். ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் விதிவிலக்கு, அவற்றின் பெயரிலேயே ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது.

ஆக்சிஜன் கையிருப்பு எதற்குப் பயன்படும்? பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு நம் ஊர்ப் பெயர் வெடியுப்பு. காற்றுக்குக் காத்திராமல் தன்னிடம் இருக்கும் ஆக்சிஜனைக் கொடுத்து எரிய வைக்கும். சிங்கப்பூரில் 1972-லிருந்து பட்டாசுக்குத் தடை என்பதால் இதை நேரில் பார்க்க வாய்ப்பு குறைவு. இன்னோர் ‘ஏட்டு’ சமையலறையில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் அயோடின் உப்பு உறையைப் படித்துப் பார், பொட்டாசியம் அயோடேட். அயோடைடு போட்டால் ஈரமும் சூடும் உள்ள நம் தட்பவெப்பத்தில் அயோடின் மெல்லக் கழன்றுவிடும்.

கே: கால்சியம் ஹைட்ராக்சைடு எழுதும்போது அடைப்புக்குறி போடாததற்கு ஒரு மதிப்பெண் போய்விட்டது. இது அநியாயம் இல்லையா?
— உயர்நிலை 3 மாணவன், ஹவ்காங்

ப: கோயில் திருவிழாவுக்கு ‘நாதஸ்வரம் தவில் செட் இரண்டு’ என்று சொன்னால் இரண்டு நாதஸ்வரமும் இரண்டு தவிலும் வரும். செட் என்று சொல்லாமல் ‘நாதஸ்வரம், தவில் இரண்டு’ என்றால் ஒரு நாதஸ்வரத்தை இரண்டு தவில் சேர்ந்து அடித்து மூழ்கடித்துவிடும். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அயனி ஒரு செட். கால்சியத்தின் இணைதிறன் 2, அதனால் இரண்டு செட் தேவை. அடைப்புக்குறி போட்டு வெளியே 2 எழுது. மதிப்பெண் போனது நியாயம்தான்.

கே: ‘கெமிக்கல் இல்லாத மூலிகைச் சோப்பு’ என்று விற்கிறார்களே?
— வாங்கலாமா என்று யோசிப்பவர், கேம்பல் லேன்

ப: எண்ணெயும் காரமும் சேர்ந்து வினைபுரிந்தால்தான் சோப்பு. சோப்பு என்பதே கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு. வாசனை பிடித்திருந்தால் வாங்குங்கள்.

கே: பாட்டியின் வீட்டைக் காலி செய்தபோது ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் ஒரு பெயர்: படிகாரம், வெண்காரம், நவச்சாரம், துருசு, பூரம், வீரம். தாத்தா நாட்டு மருந்தும் பார்த்தாராம், நகை வேலையும் செய்தாராம். இவையெல்லாம் என்ன?
— பேரன், குவீன்ஸ்டவுன்

ப: இந்த மாதம் வந்த கேள்விகளில் இதுதான் தங்கம், 916 இல்லை, 999.

வெண்காரம் போராக்ஸ், தங்கத்தைப் பற்ற வைக்கும்போது அழுக்கை இளக்கும். நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசத் தேவைப்படும். உலோகமே இல்லாமல் அயனிப் பிணைப்பு போட்ட அபூர்வ ஆள் அது. துருசு நீல நிறம்தானே? ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். சூடாக்கினால் தண்ணீர் போய் வெளுக்கும், ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும்.

படிகாரம் கடை வாசலில் திருஷ்டிக்குத் தொங்குகிறதே, அதுதான். சித்த மருத்துவத்தில் ‘சீனக்காரம்’ என்றும் சொல்வார்கள். ஒரு பொட்டாசியம், ஓர் அலுமினியம், இரண்டு சல்பேட், கூடவே 12 தண்ணீர். வாய்பாட்டைக் கூட்டிப் பார்த்தால் 100 கிராம் படிகாரத்தில் 45 கிராமுக்கு மேல் தண்ணீர். கையில் ஈரம் ஒட்டாது, அவ்வளவு தண்ணீரும் படிகத்துக்குள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. கண்ணேறைத் தடுக்க நாம் தொங்கவிடுவதில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர்தான்.

இனி கவனமாகப் படியுங்கள். பூரமும் வீரமும் இரண்டுமே பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. பூரத்தில் இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து, இரண்டு குளோரினோடு சேர்ந்திருக்கும். தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களும் பேதிக்குக் கொடுத்தார்கள், பிறகு கெடுதல் தெரிந்து விட்டுவிட்டார்கள். வீரத்தில் ஒரு பாதரசத்துக்கு இரண்டு குளோரின். தண்ணீரில் கரையும், கொடிய விஷம். ‘மெர்குரி குளோரைடு’ என்று மட்டும் சொன்னால் இரண்டில் எது என்று தெரியாது. அதனால்தான் உலோகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ரோமன் எண் ஒன்று அல்லது இரண்டு போடச் சொல்லி ஆசிரியர்கள் உயிரை வாங்குகிறார்கள். உங்கள் பாட்டிக்கு ரோமன் எண் தேவைப்படவில்லை. இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்து, பொட்டலத்தின் மேல் எழுதியும் வைத்திருக்கிறார்.

அந்த இரண்டு பொட்டலத்தையும் பிரிக்க வேண்டாம், முகர வேண்டாம். கழுவுதொட்டியிலோ குப்பைக் குழாயிலோ கொட்டவும் வேண்டாம். நச்சுக் கழிவை அகற்ற உரிமம் பெற்றவர்களை அழைத்து ஒப்படையுங்கள். பெட்டியையும் பாட்டியின் கையெழுத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், உள்ளே இருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் வாய்பாட்டோடு பதில் தருகிறேன். பெயரை மட்டும். பொட்டலத்தை அனுப்ப வேண்டாம்.